மேசையில் நாம் சந்தித்த வேற்றுலகத்தார்

முதல் பகிர்வு

ஆர்பிஜி என்பது மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் கதை ஆட்டம். 1977-இல் வெளிவந்த டிராவலர் என்னும் விண்வெளி ஆர்பிஜியில் கக்ரீ என்றோர் வேற்றுலக இனம் உண்டு. அவர்கள் மந்தையாகவே வாழும் தாவர உண்ணிகள். தனிமையும் அடைத்த இடமும் அவர்களுக்குத் தாங்க முடியாதவை. ஊன் உண்பவரைக் கண்டாலே ஆகாது. நான் முதன்முதலாக ஆடிய தொடரில், ஒரு கக்ரீ வணிகரை எங்கள் கப்பலின் சிறிய அறைக்குத் தனியாக விருந்துக்கு அழைத்தோம். எங்களைப் பொறுத்தவரை அது மரியாதை. வந்தவர் வாசலைத் தாண்டவில்லை; அவருடைய கூட்டம் முழுவதும் பின்னால் வந்து நின்றது; மேசைமீது இருந்த இறைச்சியின் வாடை எட்டியதும் அத்தனை பேரும் திரும்பிப் போய்விட்டார்கள். ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் பகடையைத் தொடவே இல்லை. அன்று முதல் எந்த இனத்தை உருவாக்கினாலும், அவர்களால் எந்த இடத்துக்குள் நுழைய முடியாது என்பதைத்தான் முதல் வரியாக எழுதுகிறேன். உங்கள் மேசைகளில் நடந்த சந்திப்புகளையும் எழுதுங்கள்.

இரண்டாம் பகிர்வு

ஆக்டோபஸுக்கு ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்கள் உண்டு. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு அதன் கைகளிலேயே இருக்கிறது. இதை வைத்து நான் உருவாக்கிய தூதரை ஒரே நேரத்தில் மூன்று பேர் ஆடினார்கள். ஆளுக்கு ஒரு கை. ஒவ்வொரு கைக்கும் என்ன வேண்டும் என்பது அவரவர் சீட்டில் மட்டும் எழுதப்பட்டிருந்தது. கைகள் தங்களுக்குள் பேசக்கூடாது. ஒரு கை மருந்துப் பெட்டியை நீட்ட, மற்றொன்று அதைப் பின்னுக்கு இழுக்க, எதிரே இருந்த இருவரும் முதலில் அதை வஞ்சகம் என்றே நினைத்தார்கள். நெடுநேரம் கழித்துக் கப்பல் தலைவராக ஆடியவர், “இதற்கு எத்தனை கைகள் இசைந்திருக்கின்றன?” என்று கேட்டார். அந்த இனத்தின் சட்டம் முழுவதும் அந்தக் கேள்வியிலிருந்தே எனக்குக் கிடைத்தது. ஆடுபவர்களுக்கு இது களைப்பூட்டும் முறை என்பதால், ஒரே மாலைக்கு மேல் நீட்ட வேண்டாம் என்பேன்.

மூன்றாம் பகிர்வு

நான் முதலில் உருவாக்கிய இனத்துக்குப் பன்னிரண்டு பக்க வரலாறு எழுதினேன். செதில் தோல், குலங்கள், அரச வம்சம், போர்முறை என்று எதையும் விடவில்லை. ஆட்டம் தொடங்கிய அரைமணி நேரத்தில் என் நண்பர்கள் அந்த இனத்தின் தூதரிடம், ஊர்த் தலைவரிடம் பேரம் பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் எதற்கு மகிழ்வார், எதற்குச் சினப்படுவார் என்பதெல்லாம் அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. செதிலுக்கு அடியில் இருந்தது மனிதர்தான்.

அடுத்த முறை உருவத்தை விட்டுவிட்டுப் புலனிலிருந்து தொடங்கினேன். ஆப்பிரிக்க நன்னீர் மீனான ஜிம்னார்க்கஸ், தன்னைச் சுற்றி மெல்லிய மின்புலத்தை இடைவிடாமல் உண்டாக்குகிறது என்பதை 1951-இல் விலங்கியலாளர் ஹான்ஸ் லிஸ்மன் வெளியிட்டார். அருகில் உள்ள கல்லோ இரையோ அந்தப் புலத்தைக் குலைப்பதைத் தோலால் உணர்ந்தே அது கலங்கல் நீரிலும் வழி காண்கிறது. தென் அமெரிக்காவின் ஐகன்மானியா மீனிடம் இன்னொரு வியப்பு உண்டு. ஏறக்குறைய ஒரே அதிர்வெண்ணில் மின் அலை வெளியிடும் இரண்டு மீன்கள் நெருங்கினால் ஒன்றின் உணர்வை மற்றொன்று குழப்பிவிடும் என்பதால், கூடுதல் அதிர்வெண் கொண்டது இன்னும் கூட்டிக்கொள்கிறது, குறைவானது இன்னும் குறைத்துக்கொள்கிறது. ஆய்வாளர்கள் வதனபே, தகேதா இருவரும் 1963-இல் எழுதிய இந்தச் செய்தியில் ஒரு நாகரிகத்தின் மரியாதை முறையே எனக்குத் தெரிந்தது. எதிரே வருபவருக்காகத் தன் அலையை ஒதுக்கிக்கொள்வதே அவர்களுடைய வணக்கம். ஒதுங்க மறுப்பது அவருடைய கண்ணைக் கட்டுவதற்குச் சமம்.

வியாழனின் நிலவான யூரோப்பாவின் பனிக்கு அடியில் இருப்பதாகக் கருதப்படும் உப்புக்கடலில் அவர்களைக் குடியமர்த்த எண்ணியிருந்தேன். மின்பொறியாளரான நண்பர் ஒருவர், மின்சாரத்தை எளிதில் கடத்தும் உப்புநீரில் அவ்வளவு மெல்லிய புலம் எப்படி நிற்கும், நீ சொல்லும் மீன்கள் எல்லாம் நன்னீர் மீன்கள் அல்லவா என்று கேட்டார். சரியான கேள்வி. அண்டார்டிக்காவில் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் பனிக்கு அடியில் கிடக்கும் வாஸ்டாக் நன்னீர் ஏரியை மனத்தில் வைத்து, கற்பனை நிலவு ஒன்றில் அப்படியோர் ஏரியை அமைத்தேன். இந்த இடையூறு எனக்குப் பெரிய கொடையாக அமைந்தது. ஏரிக்கு அப்பால் இருக்கும் உப்புக்கடல் அவர்களுக்கு இருளுலகம் ஆயிற்று. இறந்தவர்களை அவர்கள் அங்கேதான் விடுகிறார்கள்.

சந்திப்பு நடந்த அன்று, ஒவ்வொரு சுற்றிலும் நீர்மூழ்கியின் மோட்டார் வேகத்தை 1 முதல் 24 வரை ஓர் எண்ணாகச் சீட்டில் எழுதித் தரும்படி கேட்டேன், காரணத்தைச் சொல்லவில்லை. ஏரிவாசிகள் ஆறு பேருக்கும் என்னிடம் ஆளுக்கு ஓர் எண் இருந்தது. மோட்டாரின் எண் யாருடைய எண்ணை நெருங்குகிறதோ அவர் குருடாகி, தடுமாறி, கப்பலின் சுவரில் மோதுவார். மேசையில் அதைத் தாக்குதல் என்றே எடுத்துக்கொண்டார்கள். வேகத்தைக் கூட்டி விலகப் பார்த்தார்கள். வேறொருவர் வந்து மோதினார். ஈட்டித் துப்பாக்கியை ஆயத்தப்படுத்தச் சொன்னார் ஒருவர்.

அதுவரை அதிகம் பேசாமல் இருந்த தோழி, கழித்துப்போட்ட சீட்டுகளை வரிசையாக அடுக்கி, மோதல் நடந்த எண்களின்மேல் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, “மோட்டாரை நிறுத்துங்கள். அவர்களை அடிப்பது நாம்தான்” என்றார்.

நிறுத்தினார்கள். ஆறு பேரும் அசையாமல் மிதந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தம் அலையை நகர்த்திக்கொள்ள, கருவியில் தெரிந்த எண்களை நான் மெதுவாக வாசித்தேன்: 3, 6, 9, 15, 18, 21. மீண்டும் ஒருமுறை வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன். தோழி ஒரு புதுச் சீட்டில் 12 என்று எழுதி, மேசையின் குறுக்கே என் பக்கம் நகர்த்தினார்.