ஏலகிரியில் 2 இரவு டென்ட்: பஞ்சுவைக் கூட்டிப் போகலாமா?

ஆம்பூர் நிலா
எங்கள் பூனை பஞ்சுவுக்கு 3 வயது, கருத்தடை செய்த கடுவன். டிசம்பர் கடைசியில் ஏலகிரியில் ஒரு தனியார் தோட்டத்தில் 2 இரவு டென்ட் போட்டுத் தங்கப் போகிறோம். இன்னும் 5 வாரம் இருக்கிறது. போன தடவை பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனதற்கு அவன் சாப்பிடாமல் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தான். அதனால் என் மகள் "பஞ்சு வந்தால்தான் நானும் வருவேன்" என்கிறாள். கழுத்துப்பட்டையும் கயிறும் போதுமா? மலைப்பாதையில் வாந்தி எடுப்பானா? இரவில் எங்கே படுக்க வைப்பது? கூட்டிப் போனவர்கள் சொல்லுங்கள்.

சேலத்து மீனாட்சி
நிலா, நான் என் முத்தம்மாவை ஏற்காட்டுக்கு மூன்று முறை கூட்டிப் போயிருக்கிறேன். முதல் முறை அவளைத் தொலைத்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டென்ட் வாசலில் ஹார்னஸ் (மார்பைச் சுற்றி மாட்டும் வார்) மாட்டி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எங்கிருந்தோ ஒரு நாய் குரைத்துக்கொண்டு ஓடி வந்தது. பயந்த பூனை முன்னால் பாயும் என்று நினைத்துக் கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். அவள் பின்னால் நகர்ந்தாள், முன்னங்கால்களை மடக்கினாள், அவ்வளவுதான். கையில் வெறும் ஹார்னஸ். அப்போது மாலை 5 மணி. நாங்கள் நான்கு பேரும் பெயரைக் கத்திக்கொண்டே காப்பித் தோட்டம் முழுக்க அலைந்தோம். அது பெரிய தப்பு. பயந்த பூனை வெகுதூரம் ஓடாது. பக்கத்தில் எதற்குள்ளாவது பதுங்கி, சத்தமே போடாமல் கிடக்கும். நாம் கத்தக் கத்த இன்னும் உள்ளே போகும். இரவு 11 மணிக்கு எல்லாரையும் படுக்கச் சொல்லிவிட்டு, நான் மட்டும் டார்ச்சைத் தரையோடு தாழ்த்தி அடித்துப் பார்த்தேன். டென்டிலிருந்து முப்பது அடி தூரத்தில், உண்ணிச்செடிப் புதருக்குள் இரண்டு கண்கள் பச்சையாக மின்னின. கருவாட்டுத் துண்டை வைத்துவிட்டு அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகுதான் வந்தாள்.

அதனால் கழுத்துப்பட்டையில் கயிறு கட்டாதீர்கள், கழுத்து இறுகும். பூனைக்கென்றே வரும் ஹார்னஸ் வாங்குங்கள். மாட்டிய பின் ஒரு விரல் நுழையும் அளவுக்கு மேல் தளர்வு இருக்கக் கூடாது. கயிற்றை நீங்கள் முன்னால் நின்று மெதுவாக இழுங்கள். பஞ்சு உருவிக்கொள்கிறானா என்று கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குள்ளேயே பாருங்கள். முதல் வாரம் சோறு வைக்கும் நேரத்தில் மட்டும் மாட்டுங்கள். அப்புறம் மொட்டை மாடி. டென்டையும் ஒரு வாரம் கூடத்தில் விரித்து வையுங்கள், அவன் வாசம் அதில் ஏறட்டும். தைரியமான பூனை மூன்றாவது வாரம் வாலை நிமிர்த்திக்கொண்டு நடக்கும். அதற்கப்புறமும் வயிற்றைத் தரையில் ஒட்டிக்கொண்டே ஊர்ந்தால் அவனுக்கு இது வேண்டாம். உங்கள் மகளுக்கு வருத்தமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஏலகிரிப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், தண்ணீர் கொடுக்கலாம். பஞ்சு இருக்கும் கூடையை மெல்லிய துணியால் மூடி, சீட் பெல்ட் போட்டு வையுங்கள். அழுதாலும் காருக்குள் திறந்துவிடாதீர்கள்.

இரவில் கூடைக்குள், கூடை டென்டுக்குள். ஜிப்பை மூக்கால் தள்ளித் திறந்துவிடும் சாமர்த்தியம் பூனைக்கு உண்டு. இரண்டு ஜிப் நுனிகளையும் சாவி வளையத்தால் சேர்த்து மாட்டிவிடுங்கள். வீட்டில் அவன் பயன்படுத்திய மணலிலேயே இரண்டு கை அள்ளிக்கொண்டு போங்கள். புது மண்ணில் போக மாட்டேன் என்று சிறுநீரை அடக்கி வைத்திருப்பான், கடுவனுக்கு அது ஆபத்து.

கோவை பூனைவீடு
மீனாட்சி அக்கா சொன்னதோடு மருந்து விஷயம் ஒன்று. மலையில் உண்ணி இருக்கும் என்று நாய்க்கு விடும் சொட்டு மருந்தைப் பூனைக்கு விடாதீர்கள். பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது, பூனைக்கு அது நஞ்சு. பாராசிட்டமாலும் அப்படித்தான், ஒரு மாத்திரையே உயிரைக் குடிக்கும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி நாள் கடந்திருந்தால் இப்போதே போட்டுவிடுங்கள். கழுத்தில் போன் நம்பர் எழுதிய பட்டை, இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் வகையாக இருக்கட்டும். தோட்டக்காரர் நாய் வளர்க்கிறாரா என்று போனில் கேட்டீர்களா?

ஆம்பூர் நிலா
இப்போதுதான் கேட்டேன். இரண்டு நாய்களாம், இரவில் அவிழ்த்துவிடுவார்களாம். மீனாட்சி அக்கா எழுதியதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ பஞ்சு வேண்டாம்மா" என்று அவளே சொல்லிவிட்டாள். அந்த 2 இரவும் அம்மா எங்கள் வீட்டில் வந்து தங்குவார். அவன் தன் இடத்திலேயே இருக்கட்டும். ஹார்னஸ் மட்டும் நாளைக்கு வாங்கப் போகிறோம். மொட்டை மாடியில் டென்ட் போட்டு அவனோடு ஒரு இரவு படுத்துப் பார்க்க வேண்டுமாம்.

சேலத்து மீனாட்சி
மாடிக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கேயும் கயிறு கையில் இருக்கட்டும்.