ஒரே விநாடியில் பதிவு செய்த இரண்டு மாணவிகளுக்கு ஒரே சாவி. எப்படிச் சரி செய்வது?

கணினி ஆசிரியை:
வணக்கம். எங்கள் பள்ளி லேபில் ஒரு கணினியையே சர்வராக வைத்து, பயிற்சித் தேர்வுக்கான தளம் ஒன்றை பிஎச்பி நிரல்மொழியிலும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்திலும் நானே எழுதினேன். பதிவு செய்பவரின் ஆங்கிலப் பெயரில் முதல் இரண்டு எழுத்து, அதன் பின்னால் டைம்() தரும் எண் (அந்த விநாடிக்கான கடிகார எண்). இதுதான் ஒவ்வொருவரின் அடையாளச் சாவி. ஆறு மாதமாகப் பிரச்சினை இல்லை.

திங்கட்கிழமை 38 பேரை ஒன்றாக உட்கார வைத்து, "எல்லாரும் இப்போ பட்டனை அழுத்துங்க" என்றேன். காவ்யா, கார்த்திகா (பெயர்களை மாற்றியிருக்கிறேன்) இருவருக்கும் கேஏ1752480127 என்றே விழுந்துவிட்டது. மறுநாள் கார்த்திகா வந்து, "மிஸ், இது என் மார்க் இல்ல" என்றாள். அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

எம்டி5(யூனிக்ஐடி()) என்று மாற்றினால் போதுமா? யூனிக்ஐடி() ஒரு சாவி தரும், எம்டி5 அதைக் கலைத்து வேறு எழுத்துகளாக மாற்றும்.

இரவு நிரலர்:
போதாது டீச்சர். டைம்() விநாடிக் கணக்கு, யூனிக்ஐடி() மைக்ரோவிநாடிக் கணக்கு. இரண்டுமே கடிகாரம்தான். அதை எம்டி5-க்குள் போட்டால் தோற்றம் மாறும், ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடைதான் வரும்.

பின்2ஹெக்ஸ்(ரேண்டம்_பைட்ஸ்(16)) என்று எழுதுங்கள். கடிகாரத்தைப் பார்க்காமல் தற்செயலாக 16 பைட் எடுத்து எழுத்தாகத் தரும். பிஎச்பி 7 முதல் இருக்கிறது. 32 எழுத்து வரும், 128 பிட். இது மோதும் (இருவருக்கு ஒரே சாவி விழும்) என்று கவலைப்படவே வேண்டாம்.

மதுரைக்காரன்:
32 எழுத்து பிள்ளைகளுக்கு நீளம். ஆறு இலக்க ரேண்டம் எண் கொடுத்து, ஏற்கெனவே இருக்கிறதா என்று செலக்ட் (தரவுத்தளத்தில் தேடும் கட்டளை) போட்டுப் பார்த்தால் ஆகாதா?

இரவு நிரலர்:
ஆகாது அண்ணா. ஆறு இலக்கத்தில் பத்து லட்சம் எண் இருந்தாலும், சுமார் 1,180 பேர் சேர்ந்தாலே எங்கோ ஒரு ஜோடி மோதப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. செலக்ட் போட்டுப் பார்ப்பதும் காப்பாற்றாது. ஒருவருக்காகப் பார்த்துவிட்டுச் சேர்ப்பதற்குள் இன்னொருவர் அதே எண்ணோடு நுழைந்துவிடலாம். டீச்சரின் லேபில் 38 பேரும் ஒரே நேரத்தில் அழுத்துகிறார்களே!

டீச்சர், உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. டேபிளில் சாவி இருக்கும் நெடுவரிசைக்கு யூனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது என்ற கட்டுப்பாடு) போடவில்லை, அல்லவா? போட்டிருந்தால் இரண்டாவது பதிவை மைஎஸ்க்யூஎல்லே 1062 பிழையோடு தடுத்திருக்கும். அந்தப் பிழை வந்தால் புதுச் சாவி எடுத்து மறுபடி சேர்க்கும்படி எழுதுங்கள்.

அப்புறம், டேபிள்களை இணைக்க ஆட்டோ இன்கிரிமென்ட் எண்ணையே (மைஎஸ்க்யூஎல் தானாகவே ஒவ்வொன்றாகக் கூட்டித் தரும் எண்) பயன்படுத்துங்கள். ரேண்டம் சாவி வெளியே தெரியும் லிங்குக்கு மட்டும். அதை யாரும் தட்டச்சு செய்யப் போவதில்லை, நீளம் ஒரு பொருட்டே இல்லை.

நெய்தல்:
ஒன்று சேர்க்கிறேன். யூயூஐடி (மோதாத அடையாள எண்ணுக்கான பொது வடிவம்) பதிப்பு 7 என்று 2024-இல் ஆர்எஃப்சி 9562 என்ற இணையத் தர ஆவணம் வழியாக வந்திருக்கிறது. முதல் 48 பிட் மில்லிவிநாடி நேரம், அதனால் இண்டெக்ஸில் வரிசையாகச் சேரும். ஆனால் பதிவு செய்த நேரம் சாவியிலேயே தெரிந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளின் லிங்கில் அது வேண்டாம் என்பேன்.

இன்னொன்று, சாவி அடையாளம்தான், அனுமதி இல்லை. மதிப்பெண் பக்கத்தில் உள்நுழைந்தவரும் சாவிக்கு உரியவரும் ஒருவர்தானா என்று செஷனில் (உள்நுழைந்தவர் யார் என்று சர்வர் வைத்திருக்கும் குறிப்பில்) சரிபார்க்கிறீர்களா?

கணினி ஆசிரியை:
இல்லை! லிங்கில் சாவி இருந்தால் பக்கம் திறந்துவிடும். இன்றே மாற்றுகிறேன்.

யூனிக் இண்டெக்ஸ் போட்டால் பழைய இரட்டைகளால் பிழை வருகிறது.

இரவு நிரலர்:
முதலில் பேக்கப். பிறகு சாவி வாரியாக குரூப் பை, ஹேவிங் கவுண்ட்(*) > 1 (ஒரே சாவி ஒன்றுக்கு மேல் இருந்தால் காட்டு என்று பொருள்). இரட்டைகள் வெளியே வரும். அவர்களுக்குப் புதுச் சாவி கொடுத்துவிட்டு இண்டெக்ஸ் போடுங்கள்.

கணினி ஆசிரியை:
மூன்று ஜோடி கிடைத்தது. எந்த விடைத்தாள் யாருடையது என்று அப்பாச்சி லாக்கில் (எந்தக் கணினி எப்போது பக்கத்தைக் கேட்டது என்று சர்வர் எழுதி வைக்கும் பதிவேடு) லேப் கணினியின் ஐபி முகவரியைப் பார்த்துப் பிரித்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. இண்டெக்ஸும் செஷன் சோதனையும் போட்டாயிற்று. நேற்று 38 பேரையும் மறுபடி ஒரே நேரத்தில் அழுத்தச் சொன்னேன். 38 சாவி, எல்லாம் வேறு வேறு. கார்த்திகாவுக்கு அவளுடைய 17 மதிப்பெண் வந்துவிட்டது. எல்லோருக்கும் மிக்க நன்றி.