கார்டு லாக் அளவு ஏறிக்கொண்டே போகிறது, ஏன்?

வேதாரண்யம் பக்கம் புது போர்வெல், 120 மீட்டர். மண் அடுக்குகளைப் பிரித்தறிய, துளைக்குள் புரோப் இறக்கி ஆழத்துக்கு ஆழம் மின்தடை அளந்தோம் (இதுதான் லாக்). துளையில் நிற்கும் சேற்று நீரே உப்பு. 16, 64 இன்ச் மின்முனை இடைவெளியில் எடுத்த நார்மல் (சாதாரண மின்தடை) லாக் இரண்டும் 2 ஓம்-மீட்டரில் படுத்துவிட்டன, எஸ்.பி.யும் (துளையில் இயற்கையாக எழும் மின்னழுத்தம்) நேர்கோடு. ஆனால் 90 மீட்டருக்குக் கீழிருந்து வந்த மண்ணைக் கழுவிப் பார்த்தால் நல்ல பருமணல்.

அதனால் கார்டு புரோப் வாடகைக்கு எடுத்து இறக்கினோம். மேலும் கீழும் உள்ள கார்டு மின்முனைகள் மின்சாரத்தைப் பக்கவாட்டில் தள்ளுவதால் களிமண்-மணல் எல்லை பளிச்சென்று தெரிகிறது. சிக்கல் என்னவென்றால், மேலே இழுக்க இழுக்க அளவு ஏறுகிறது, ஒரே களிமண்ணுக்குள்ளும்! திரும்ப இறக்கி இழுத்தாலும் அதே ஆழத்தில் அதே ஏற்றம்.

மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) போட்டாச்சு, கேபிளில் கசிவு இல்லை. ரெசிஸ்டர் பெட்டியில் காலிப்ரேஷன் சரி. ரெஃபரன்ஸ் எர்த் கம்பியை இடம் மாற்றித் தண்ணீர் ஊற்றியும் பயனில்லை. கேபிளின் மேலுள்ள உலோகக் கவசம்தான் ரிட்டர்ன் (மின்சாரம் திரும்பி வரும் வழி). புரோபுக்கு மேல் 3 மீட்டர் மட்டும் டேப் சுற்றியிருக்கிறது. எனக்குச் சந்தேகம் அங்கேதான்.

நாளை பி.வி.சி. கேசிங் இறங்கிவிட்டால் மின்முனை வைத்து எடுக்கும் இந்த மாதிரி மின்தடை லாக் எதுவும் எடுபடாது. கவசத்தை எத்தனை மீட்டர் இன்சுலேட் செய்தால் இந்த ஏற்றம் நிற்கும்?