புதுப்பிப்பு: கணக்கில் 38 வாங்கியவன் மீண்டும் வந்திருக்கிறேன்

ஆறு வாரங்களுக்கு முன், கணக்கில் 100க்கு 38 வாங்கிவிட்டு, பொதுத்தேர்வில் தேறுவேனா என்று இங்கே புலம்பியிருந்தேன். நேற்று கைக்கு வந்த மாதிரித் தேர்வு மதிப்பெண் 61.

புதிய பயிற்சிப் புத்தகம் தேடாதே, பழைய விடைத்தாளைப் பிரித்துப் பார் என்று உங்களில் ஒருவர் சொன்னார். பார்த்தேன், கசந்தது. போன 62 மதிப்பெண்களில் 23, எனக்குத் தெரிந்த கணக்குகளிலேயே போனவை! இருபடிச் சமன்பாட்டில் 25 − 4 × 2 × (−3) என்று ஒழுங்காக எழுதிவிட்டு, அடுத்த வரியில் 25 − 24 = 1 என்று போட்டிருக்கிறேன். வரவேண்டியது 49. ஒரு கழித்தல் குறியை விழுங்கியதில் சமன்பாட்டின் விடைகளான மூலங்கள் இரண்டுமே தவறு.

அன்று முதல் பிழைகளுக்கென்று தனி நோட்டு. தவறிய கணக்கை, விடையை மூடிவைத்துவிட்டு, மறுநாள் ஒருமுறையும் ஒரு வாரம் கழித்து ஒருமுறையும் போடுகிறேன். தீர்வைப் படிக்கும்போது எல்லாம் புரிந்ததுபோலத்தான் இருக்கும். வெற்றுத்தாள் முன்னால் உட்கார்ந்தால் சாயம் வெளுத்துவிடுகிறது.

வடிவியல் மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. தேற்றங்களை மனப்பாடமாக ஒப்பிக்கிறேன். படத்தில் வட்ட நாற்கரம் (நான்கு முனைகளும் ஒரே வட்டத்தின் மேல் இருக்கும் நாற்கரம்) எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. யாரிடமாவது வழி இருந்தால் சொல்லுங்கள். தேர்வுக்கு இன்னும் 24 நாட்கள் இருக்கின்றன.