கடைசிப் பாடவேளை, தரம் 8, சதவீதம்: பிள்ளைகள் தூங்காமல் இருக்க என்ன செய்யலாம்?

மூடுபனி:
எல்லோருக்கும் வணக்கம். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலைக்குக் கணிதம் படிப்பிக்க வந்து எட்டு மாதம். வாரத்தில் மூன்று நாள் தரம் 8க்குக் கடைசிப் பாடவேளை எனக்குத்தான். அந்த நேரம் மூடுபனி இறங்கி வகுப்பே அரை இருட்டாகிவிடும், பாதிப் பேர் காலையில் வெறும் பிளேன்டீயைக் குடித்துவிட்டு மேட்டில் நடந்து வந்த பிள்ளைகள், கண் சொருகாமல் என்ன செய்யும். இப்போது சதவீதம் நடக்கிறது. "ஒரு சட்டையின் குறித்த விலை" என்று கரும்பலகையில் எழுதத் தொடங்கினாலே கொட்டாவி. இணையத்தில் தேடினால் புரொஜெக்டர், டெப்லெட் என்றுதான் வருகிறது. எங்களிடம் இருப்பது வெண்கட்டி, அதுவும் எண்ணித்தான் கிடைக்கும். செலவில்லாமல் ஏதாவது வழி சொல்லுங்கள். ஆடல் பாடல் எனக்கு வராது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பென்சன்காரர்:
தம்பியா தங்கச்சியா தெரியாது, டீச்சர் என்றே சொல்கிறேன். சட்டையை விட்டுவிட்டுக் கொழுந்தை எடுங்க. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நாலரைக் கிலோ அளவில் பச்சைக் கொழுந்து வேணும், மிச்சமெல்லாம் தண்ணீராகப் போகிறது. கொழுந்து லொறி ஸ்டோருக்கு, அதான் தேயிலை ஆலைக்கு, போறதைப் பிள்ளைகள் தினமும் பார்க்குதுகள், அதில் எவ்வளவு தூளாக வெளியே வருது என்று ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க. நான் செய்தது இதுதான்: கடைத் தராசில் 200 கிராம் நிறுத்து, பழைய பேப்பரில் பரப்பி ஜன்னலோரம் வைப்போம். நாளைக்கு எவ்வளவு இருக்கும் என்று முதல் நாளே பந்தயம், அடுத்த நாள் ஒரு பிள்ளை நிறுத்து வந்து பலகை மூலையில் எழுதும், குறைந்தது எத்தனை சதவீதம் என்று மற்றவர்கள் போடணும். மெல்லிசாகப் பரப்புங்க. ஒருமுறை கும்பலாக விட்டுவிட்டேன், உள்ளே சூடேறிப் புளித்து இரண்டு நாள் வகுப்புக்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். அப்புறம், தோட்டத்து மலையில் பிள்ளைகளைப் பறிக்க விடாதீங்க, தோட்டத்துக் கணக்கு எழுதுற கணக்கப்பிள்ளையிடம் கேட்டே வாங்குங்க. வேலையாட்களை மேய்க்கிற கங்காணி வந்து பாடசாலை வாசலில் சத்தம் போட்டால் பெரிய டீச்சருக்குப் பதில் சொல்றது நீங்கதான்.

பதுளைக்காரி:
சேர் சொன்னது நல்ல யோசனை. நான் விஞ்ஞானம். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 100 பாகைக்குப் போகாது, 94க்குக் கிட்டவே கொதித்துவிடும். அங்கே படிப்பித்த காலத்தில் "ஏன் உங்க வீட்டுப் பருப்பு வேக நேரமாகுது" என்று கேட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவேன், அன்றைக்கு ஒருத்தரும் தூங்கியதில்லை. சதவீதத்துக்குச் சம்பளச் சீட்டையும் எடுக்கலாம் டீச்சர். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) சம்பளத்தில் தொழிலாளி 8 சதவீதம், முதலாளி 12, ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) முதலாளி 3. வீட்டுச் சீட்டைக் கொண்டுவரச் சொன்னால் கணக்கு தன்பாட்டில் நடக்கும்.

லயத்துப்பிள்ளை:
வீட்டுச் சீட்டு மட்டும் வேண்டாம் மிஸ். நான் படிக்கும்போது ஒரு சேர் அப்படித்தான் கேட்டார், நல்ல மனசோடுதான் கேட்டார். ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பலகையில் எழுதினார். அட்வான்ஸ், தீபாவளி முற்பணம், கடன் எல்லாம் வெட்டி என் பக்கத்தில் இருந்தவளின் அம்மாவுக்குக் கைக்கு வந்தது முந்நூற்றுச் சொச்சம். அதையும் எழுதினார். அவள் இரண்டு நாள் வரவில்லை. நீங்களே ஒரு சீட்டு கற்பனையாக எழுதிக் கொடுங்க, கணக்கு ஒன்றுதானே.

பதுளைக்காரி:
சரி, அதை நான் யோசிக்கவே இல்லை. திருத்திக்கொள்கிறேன்.

மூடுபனி:
பத்து நாளுக்குப் பிறகு வருகிறேன். இந்தக் குளிரில் கொழுந்து சரியாகக் காயவில்லை, கடைசி இரண்டு நாள் ஒரு பிள்ளை வீட்டு அடுப்புக்கு மேல் வைத்து எடுத்து வந்தாள். 200 கிராம் 52 ஆனது. குறைந்தது 74 சதவீதமா 26 சதவீதமா என்று இரண்டு பேர் சண்டை, நான் வாயே திறக்கவில்லை.

கற்பனைச் சீட்டைக் கொடுத்த நாள் வேறு கதை. ஈ.பி.எஃப். 8 வரைக்கும் ஒழுங்காகப் போனது. கடைசி வாங்கில் இருக்கும் பையன், மாதத்தில் நாலு வார்த்தை பேசினால் அதிகம், எழும்பிக் கேட்டான்: "மிஸ், அம்மா 20 கிலோ கொழுந்து எடுத்தா கூடைக்கும் ஈரத்துக்கும் 2 கிலோ கழிக்கிறாங்க, அது எத்தனை சதவீதம்?" பத்து என்று நாலு பேர் கத்தினார்கள். உடனே முன் வரிசைப் பிள்ளை, "இல்ல, ஒரு நாளைக்கு மூணு தரம் நிறுப்பாங்க, ஒவ்வொரு தரமும் 2 கழிப்பாங்க" என்றாள். மூன்று நிறுவைக்கும் 8, 7, 5 கிலோ என்று பலகையில் எழுதிப் போட்டோம். 20 கிலோவில் 6 போகிறது, 30 சதவீதம். கடைசி 5 கிலோவை மட்டும் எடுத்தால் 40. அதை அவர்களேதான் கண்டுபிடித்தார்கள், எனக்கு நிறுவை மூன்று தரம் என்பதே அன்றுதான் தெரியும்.

இப்போது சிக்கல் என்னவென்றால், அம்மாமாரிடம் கேட்டு மூன்று நிறுவையையும் நாளைக்கு எழுதிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் கேட்கவில்லை. லயத்துப்பிள்ளை, இதுவும் வீட்டுக் கணக்குத்தானே, விடலாமா?

லயத்துப்பிள்ளை:
விடுங்க மிஸ். பெயர் போடாமல் துண்டில் எழுதி ஒரு பால்மா டின்னில் போடச் சொல்லுங்க.