குசினிக் கழிவுக்குழாய் காலையில் அடைத்து நண்பகலுக்குப் பின் தானாகத் திறக்கிறது: உதவி தேவை

கல்லடி வாசி: வணக்கம். குசினிச் சிங்க்கில் ஊற்றும் நீர் காலையில் இறங்காமல் நிற்கிறது. நண்பகலுக்குப் பின்னர் தானாகவே இறங்குகிறது. கம்பி விட்டும் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா காலமான முப்பத்தோராம் நாள். நூறு பேருக்குச் சமைக்க வேண்டும். விரைவாக வழி சொல்லுங்கள்.

களுவாஞ்சிக்குடியான்: அண்ணன், குழாய் எஸ்லோன் எனும் பிளாஸ்டிக்கா (பிவிசி), பழைய இரும்பா? எத்தனை அங்குலம்? சுவரோடு வெளியே ஓடுகிறதா, மண்ணுக்குள் போகிறதா? மலசலகூடத்திலும் இதே நிலையா? இவை தெரியாமல் காரணம் சொல்ல இயலாது.

ஆரையம்பதி ஆசிரியர்: கழிவுநீர் மண்ணில் ஊறி இறங்கும் ஊறுகுழி நிரம்பியிருக்கும். மாரியில் வாவி பெருகினால், முகத்துவாரம் வெட்டி நீர் கடலுக்கு இறங்கும்வரை நம் மணல் நிலத்தில் கிணறும் குழியும் சேர்ந்தே நிரம்பி நிற்கும். என் வீட்டில் கண்டது இதுவே.

கல்முனை மேசன்: காலையில் நிரம்பி நண்பகலில் வற்றும் ஊறுகுழியை என் முப்பது வருடத் தொழிலில் கண்டதில்லை, பதிவை ஒழுங்காக வாசித்த பின்னர் மறுமொழி எழுதுவது நல்லது. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உறையும். மார்கழி, தை விடியற்காலைகளில் போத்தலில் உள்ள எண்ணெய் வெள்ளையாகக் கட்டிப்படுவதைப் போலவே வெளிச்சுவர்க் குழாயிலும் கட்டிப்பட்டு, வெயில் பட்டதும் இளகுகிறது. மண்ணுக்குள் போகும் பகுதி அவ்வளவு குளிராது. ஆகவே வெளியே தெரியும் முழங்கைகளில் (குழாய் வளையும் இணைப்புகளில்) தேடுங்கள்.

காத்தான்குடி வாசகர்: கோஸ்டிக் சோடா போடுங்கள், ஒரு மணி நேரத்தில் தீரும்.

கல்முனை மேசன்: அது எண்ணெயோடு சேர்ந்து சவர்க்காரமாகும். ஓட்டமில்லாத குழாயில் அந்தச் சவர்க்காரமே இறுகிவிடும். பின்னர் குழாயைத் திறப்பவரின் கண்ணிலும் தெறிக்கும்.

காத்தான்குடி வாசகர்: கையுறை அணிந்து அளவோடு போட்டால் ஒன்றும் ஆகாது. கொதிநீரில்தான் எஸ்லோன் இளகி வளையும்.

கல்முனை மேசன்: கொதிநீர் என்று நான் எழுதவேயில்லை. 24 பாகையில் உருகும் பொருளுக்குக் கை பொறுக்கும் சூடு போதும்.

களுவாஞ்சிக்குடியான்: கனடாவில் அக்கா வீட்டின் வெளிக்குழாய் உறைந்து வெடித்தது. இதுவும் வெடிக்குமா?

கல்முனை மேசன்: வெடிக்காது. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் விரியும். எண்ணெய் உறைந்தால் சுருங்கும்.

கல்லடி வாசி: பிந்தியதற்கு மன்னிக்கவும். 1978 சூறாவளிக்குப் பின் கட்டிய வீடு. இரண்டு அங்குல எஸ்லோன், வாவிப் பக்கம் மேற்குச் சுவரோடு ஓடுகிறது. அங்கே பிற்பகலில்தான் வெயில் படும். மலசலகூடத்தில் குறையில்லை.

கல்முனை மேசன்: முதலிலேயே இதை எழுதியிருக்கலாம். இளஞ்சூட்டு நீரைத் தொடர்ந்து ஊற்றுங்கள். இறங்காவிட்டால் முழங்கையை அறுத்தெடுத்து, திறக்கக்கூடிய மூடியுள்ள டீ (T வடிவ இணைப்பு) ஒன்றைப் பொருத்துங்கள்.

கல்லடி வாசி: இரண்டாவது முழங்கையை அறுத்தோம், உள்ளே முழுவதும் வெள்ளைக் கட்டி. இப்போது நீர் நன்றாக இறங்குகிறது. நன்றி ஐயா.

கல்முனை மேசன்: பொரித்த எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றாமல் தகரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். முழங்கைக்கு முன் குழாய் தொய்ந்திருக்கிறதா? நாற்பது அடிக்கு ஓரடி சரிவு இருக்க வேண்டும். அளந்து எழுதுங்கள்.

ஆரையம்பதி ஆசிரியர்: ஊறுகுழியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.