பிஎஸ்4 வைஃபை கீ கேட்கிறது, ரவுட்டர் ஸ்டிக்கர் அழிந்துவிட்டது. எங்கே பார்ப்பது?

ஜாய்ஸ்டிக்_ராஜா:
செகண்ட் ஹேண்ட் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4 கேம் கன்சோல்), மாடல் சியுஎச்-1200 வரிசை. ஃபைபர் கனெக்ஷன். ஓஎன்டியும் (ஃபைபர் வந்து சேரும் கருவி) வைஃபையும் ஒரே பெட்டிதான். மாட்டிக் கொடுத்தவர் பாஸ்வேர்டை எங்கும் எழுதி வைக்காமல் போய்விட்டார். பெட்டிக்கு அடியில் உள்ள ஸ்டிக்கர் பாதி அழிந்திருக்கிறது. தெளிவாகத் தெரிகிற எட்டு இலக்க எண்ணை அடித்தால் தப்பு என்கிறது. போனில் இரண்டு நெட்வொர்க் பெயர் வருகிறது, ஒன்றின் கடைசியில் 5ஜி என்று இருக்கிறது. பிஎஸ்4-ல் மற்றதுதான் தெரிகிறது. விண்டோஸ் 10 லேப்டாப், ஐபோன், சாம்சங் எல்லாம் ஏற்கனவே வைஃபையில் ஓடுகின்றன. ரீசெட் பட்டனை அமுக்கினால் பழைய பாஸ்வேர்டு வந்துவிடுமா?

ஒளியிழை:
ரீசெட் பட்டன் பக்கமே போகாதீங்க ப்ரோ. அமுக்கினால் ஃபேக்டரி கீ திரும்பி வரும், உண்மைதான். ஆனால் அது அச்சாகியிருப்பது அழிந்துபோன அதே ஸ்டிக்கரில்! அதோடு கனெக்ஷன் போட்டவர் உள்ளே கொடுத்த பிபிபிஓஇ (கம்பெனி நெட்வொர்க்கில் நுழையும் லாகின்) யூசர்நேம், பாஸ்வேர்டு, விலேன் எண் (லைனில் ட்ராஃபிக்கைப் பிரிக்கும் எண்) எல்லாமும் போய்விடும். சில கம்பெனி பெட்டிகள் இந்த செட்டிங்கைத் தாங்களே மறுபடி இறக்கிக்கொள்ளும். மற்றதில் பான் (ஃபைபர் சிக்னல்) விளக்கு பச்சையாக எரியும், இன்டர்நெட் விளக்கு எரியாது. அப்புறம் கஸ்டமர் கேர்தான் கதி.

அந்த எட்டு இலக்க எண் பெரும்பாலும் டபிள்யூபிஎஸ் பின், அதாவது கீ அடிக்காமல் சாதனத்தைச் சேர்க்கும் தனி எண். ஸ்டிக்கரில் வரிசை எண், மேக் முகவரி (நெட்வொர்க்கில் சாதனத்தின் அடையாள எண்), டபிள்யூபிஎஸ் பின், அட்மின் பாஸ்வேர்டு, வைஃபை கீ எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது டபிள்யூலேன் கீ, டபிள்யூபிஏ கீ, பாஸ்ஃப்ரேஸ், ப்ரீ-ஷேர்டு கீ என்கிற பெயர்களில் ஏதாவது ஒன்றுக்கு எதிரே இருப்பது. நீளம் 8 முதல் 63 எழுத்து வரை. ஆனால் மாட்டியவர் கீயை மாற்றியிருந்தால் ஸ்டிக்கர் பளிச்சென்று இருந்தாலும் பிரயோஜனமில்லை. பில்லோடு வரும் பிராட்பேண்ட் பாஸ்வேர்டும் இது இல்லை, அது பிபிபிஓஇக்கு.

கீபோர்டு_குமரி:
ஏற்கனவே கனெக்ட் ஆன எல்லாச் சாதனத்திலும் கீ சேமித்துத்தான் இருக்கும், எடுத்துப் பார்த்தால் போதும்.

லேப்டாப்: செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர். கனெக்ஷன்ஸ் என்பதற்கு எதிரே நீல எழுத்தில் உங்கள் வைஃபை பெயர் இருக்கும், அதை அழுத்துங்கள். வயர்லெஸ் ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி டேப், ஷோ கேரக்டர்ஸ் டிக். அட்மின் அனுமதி கேட்கும், கொடுத்தால் கீ தெரியும். ஆபீஸ் லேப்டாப் என்றால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஐபோன்: ஐஓஎஸ் 16 அல்லது அதற்கு மேல் வேண்டும். செட்டிங்ஸ், வைஃபை, பெயருக்கு எதிரே உள்ள வட்டத்துக்குள் ஐ, பாஸ்வேர்டு வரி. ஃபேஸ் ஐடி கேட்டுக் காட்டும். உங்களிடம் இருப்பதில் இதுதான் சுலபம்.

சாம்சங்: கனெக்ஷன்ஸ், வைஃபை, பெயருக்கு எதிரே பல்சக்கரம், க்யூஆர் கோடு. பல ஆண்ட்ராய்டு போன்களில் க்யூஆருக்குக் கீழேயே பாஸ்வேர்டு எழுத்தில் வரும். சாம்சங்கில் அப்படி வராவிட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உள்ளே இருப்பதை எழுத்தாகக் காட்டும் ஸ்கேனரில் திறக்கலாம். முன்பின் தெரியாத வெப்சைட்டில் மட்டும் அந்தப் படத்தை ஏற்றாதீர்கள், வீட்டுச் சாவியையே கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஒரு விஷயம் கவனிக்கணும். லேப்டாப் 5ஜி பெயரில் சேர்ந்திருந்தால் அது காட்டுவது அந்தப் பெயருக்கான கீ. நிறைய வீட்டில் இரண்டுக்கும் ஒரே கீதான், ஆனாலும் தனித்தனியாகப் போட முடியும். அதனால் 5ஜி இல்லாத பெயரில் ஒருமுறை சேர்ந்த சாதனத்தில் பாருங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் பிரௌசரில் ரவுட்டர் முகவரியைத் திறந்து, டபிள்யூலேன் (வைஃபை) பக்கத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் (5ஜி இல்லாத பெயரின் அலைவரிசை) செக்யூரிட்டி பகுதியில் கண் படத்தை அழுத்திப் பாருங்கள். அந்த முகவரி ஐபோனில் அதே வட்ட ஐக்குள் ரவுட்டர் என்ற வரியில் இருக்கும். 192.168.1.1 மாதிரி வரும்.

ஒளியிழை:
பிஎஸ்4-ல் 5ஜி பெயர் வராததற்குக் காரணம் கீ இல்லை. சியுஎச்-1000, 1100, 1200 மூன்றிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். பிஎஸ்4 ஸ்லிம்மிலும் ப்ரோவிலும்தான் 5 கிகாஹெர்ட்ஸ், அதாவது அந்த 5ஜி, வந்தது. அந்தப் பெயரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஜாய்ஸ்டிக்_ராஜா:
ஐபோன் 5ஜி பெயரில் மட்டும்தான் இருக்கு. சாம்சங் இன்னொரு பெயரில் இருந்ததால் அதன் க்யூஆரை ஸ்கேன் செய்தேன். ஒரே வரியாக வருகிறது. ஆங்கில பி (P), முக்காற்புள்ளிக்கு அப்புறம் எழுத்துகள், நடுவில் பின்பக்கம் சாய்ந்த கோடு, அதை ஒட்டி ஒரு அரைப்புள்ளி, கடைசியில் இரண்டு அரைப்புள்ளி. எதுவரைக்கும் அடிக்கணும்?

கீபோர்டு_குமரி:
அந்தச் சாய்கோடு பாஸ்வேர்டில் இல்லை. க்யூஆர் வடிவத்தில் அரைப்புள்ளி என்றால் "இந்தப் பகுதி முடிந்தது" என்று அர்த்தம். பாஸ்வேர்டுக்குள்ளேயே அரைப்புள்ளி இருந்தால் குழப்பம் வரக் கூடாதென்று முன்னால் ஒரு சாய்கோடு சேர்க்கிறார்கள். காற்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் இப்படித்தான். சாய்கோட்டை விட்டுவிட்டு நடுவில் உள்ள அரைப்புள்ளியை அடிங்க. கடைசி இரண்டையும் விட்டுவிடுங்கள்.

பட்டன்மேன்:
அடிக்கும்போது வழுக்கும் இடங்கள்: பெரிய, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. கீயில் எண்களும் ஏ முதல் எஃப் வரையும் மட்டும் இருந்தால் வட்டமாகத் தெரிவது பூஜ்யம்தான், ஓ அல்ல. கன்ட்ரோலரால் அடிப்பது எரிச்சலாக இருந்தால் யுஎஸ்பி கீபோர்டைச் செருகுங்கள், பிஎஸ்4 ஏற்கும். ஆனால் கீபோர்டு வகை யூகே என்று செட் ஆகியிருந்தால் அட் குறியும் இரட்டை மேற்கோள் குறியும் இடம் மாறிவிடும். பழைய ஓனர் அப்படி விட்டுப்போயிருக்கலாம், டிவைசஸ் மெனுவில் பாருங்கள்.

கீ சரி, ஆனாலும் சேரவில்லை என்றால் ரவுட்டர் பக்கத்தில் இரண்டு இடம். ஒன்று, செக்யூரிட்டி டபிள்யூபிஏ3 (புதிய பூட்டு முறை) மட்டும் என்று இருக்கிறதா? அப்படியிருந்தால் டபிள்யூபிஏ2-பிஎஸ்கே ஏஇஎஸ் ஆக்குங்கள். 2, 3 கலந்த முறையிலேயே முரண்டு பிடிக்கும் பழைய சாதனங்களும் உண்டு. பழசுக்காக டபிள்யூஇபி என்ற மிகப் பழைய முறைக்கு மட்டும் இறங்காதீர்கள், அதை உடைப்பது நிமிடங்களில் முடிகிற வேலை. இரண்டு, மேக் ஃபில்டர் (பட்டியலில் உள்ள சாதனங்களை மட்டும் விடும் வசதி) ஆனில் இருந்தால் கீ எவ்வளவு சரியானாலும் உள்ளே விடாது. பிஎஸ்4-ன் முகவரி செட்டிங்ஸ், சிஸ்டம், சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் இருக்கும். இரண்டு மேக் முகவரி வரும், லேன் கேபிளுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று. பட்டியலில் சேர்க்க வேண்டியது வைஃபையினுடையது.

டிவியும் ஓஎன்டியும் ஒரே அறையில் இருந்தால் இவ்வளவு பாடே வேண்டாம் என்பது என் கருத்து. கேட்5இ கேபிள் ஒன்றை பிஎஸ்4 பின்பக்க லேன் போர்ட்டில் செருகி, செட் அப் இன்டர்நெட் கனெக்ஷனில் லேன் கேபிளைத் தேர்ந்தெடுங்கள். கீயே கேட்காது. அந்த மாடல் 2.4-ல் பெரிய கேம் டவுன்லோடு ஆமை வேகம்தான். அபார்ட்மென்ட் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஜாய்ஸ்டிக்_ராஜா:
சாய்கோட்டை விட்டு அடித்தேன், சேர்ந்துவிட்டது. டெஸ்ட் கனெக்ஷனில் நாட் டைப் 3 என்கிறது. இதற்கும் கீக்கும் சம்பந்தம் உண்டா?

ஒளியிழை:
சம்பந்தமே இல்லை. நாட் டைப் என்பது மற்றவர்களின் கன்சோல் உங்களுடையதோடு எவ்வளவு தாராளமாக இணைய முடியும் என்பது. டைப் 2 வந்தால் போதும். 3 என்றால் பார்ட்டி சாட்டிலும் சில ஆன்லைன் கேமிலும் ஆட்கள் சேர முடியாமல் போகலாம். ரவுட்டர் பக்கத்தில் யுபிஎன்பி (கேமுக்கு வேண்டிய வழியைத் தானே திறந்துவிடும் வசதி) ஆஃபில் இருந்தால் ஆன் செய்து பிஎஸ்4-ஐ ரீஸ்டார்ட் பண்ணுங்க. அதற்கும் 3-லேயே நின்றால் அதே பக்கத்தில் வேன் ஐபியை (கம்பெனி உங்கள் ரவுட்டருக்குத் தந்த முகவரி) பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் ஆரம்பித்தால் கம்பெனி உங்களை சிஜிநாட்டுக்கு (பல வீடுகளுக்கு ஒரே பப்ளிக் முகவரியைப் பகிரும் முறை) பின்னால் வைத்திருக்கிறது. அதை வீட்டிலிருந்து மாற்ற முடியாது, பப்ளிக் ஐபி தருவார்களா என்று அவர்களிடம்தான் கேட்கணும்.